மரக்காணத்தில் நின்றுகொண்டு துபாய்ச் சட்டத்துக்குப் பயந்த பெட்டி

எங்கள் உப்பளத் தொழிலாளர் சங்க அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் வயர்லஸ் பெட்டியில் திருகாணியே கிடையாது. நாலு பக்கமும் தடவிப் பார்த்தேன். அவித்து உரித்த முட்டை மாதிரி வழவழவென்று இருக்கிறது. அடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று அதில் போட்டிருப்பதாகக் குமாரி படித்துச் சொன்னாள். திறக்க வழியே இல்லாத பெட்டிக்குத் திறக்காதே என்று ஒரு தாள்! அதை எழுதியவருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும்.

குமாரி எனக்குப் பிறகு மைக் வேலைக்கு வந்தவள். பேரன் பேத்தி எடுக்கப் போகிற வயதுதான் அவளுக்கும். ஆனாலும் என்னை விட்டால் கேட்க ஆளில்லை என்பதால் கேட்டாள்.

"யக்கா, ஒங்க காலத்துல பொட்டியத் தொறந்து உள்ள என்ன வேணா மாத்துவீங்களாமே, மெய்யா?"

"மெய்தான்."

"அதால நல்லது நடந்துச்சா, கெட்டது நடந்துச்சா?"

"ரெண்டும் நடந்துச்சு. ரெண்டுக்கும் எம் பொண்ணு செல்விதான் நடுவுல மாட்டுனா."

"அப்ப சங்க மலர்ல எழுதிப் போடுங்க. எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்."

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், கையெழுத்துப் போட வரும். இத்தனை நீளத்துக்கு எழுதக் கை ஓடாது. நான் சொல்லச் சொல்லக் குமாரி எழுதுகிறாள். முதல் பக்கத்தை வாசித்துக் காட்டச் சொன்னபோது, 'தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று அவளாக ஒரு வரி சேர்த்திருந்தாள். அடிக்கச் சொல்லிவிட்டேன். பச்சையம்மாள் யாருக்கும் தாழ்ந்து எதையும் தெரிவித்ததில்லை.

என் வேலை வரலாறு சின்னதுதான். கல்யாணமாகி வந்த வருடமே தலையில் உப்புக் கூடை ஏறியது. முட்டி தேய்ந்தபோது கூடை இறங்கியது. சங்க அலுவலகத்தைப் பெருக்க வந்தேன். பெருக்கிக்கொண்டிருந்தவளை மைக் முன்னால் உட்கார வைத்தது என் குரல். நான் இங்கே கூப்பிட்டால் கழிவெளி ஏரிப் பக்கம் மேய்கிற மாடு திரும்பிப் பார்க்கும் என்பார்கள். கேலியாகத்தான் சொன்னார்கள். நான் அதைத் தகுதிச் சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

மைக் வேலை என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். உப்பளத்தில் மரம் கிடையாது, மதில் கிடையாது. கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர் தேங்கிய பாத்தி, நடுவில் நிற்கிற ஆள். இடி விழ வேண்டுமானால் அந்த வெளியில் உயரமாக இருப்பது மனுஷன் தலை ஒன்றுதான். ஈரக் கையோடு வேலை செய்கிறவர்கள் போனை மடியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். சாப்பாட்டுப் பையில் கட்டிக் கொட்டாயில் மாட்டிவிடுவார்கள். அதனால் மழை, இடி என்று வானிலை அலுவலகத்திலிருந்து எச்சரிக்கை வந்தால், அலுவலகத்தில் ஒருத்தி மைக்கில் சொல்ல, பாத்திகளுக்கு நடுவே கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கர்கள் அதைக் கத்த வேண்டும். இங்கிருந்து அங்கே குரலைக் கொண்டுபோவது வயர்லஸ் பெட்டி. அலுவலக மொட்டைமாடியில் ஒன்று, கடைசிக் கொட்டாயின் கம்பத்தில் ஒன்று. கடைசிக் கொட்டாய்ப் பக்கத்துப் பாத்திகளில்தான் என் மகள் செல்வி உப்பு வாரினாள். இன்றும் அங்கேதான் வாருகிறாள்.

அப்போது செயலாளராக இருந்தவர் தாமோதரன் சார். அவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, இன்னொன்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லாமல் இருக்க. மழை பெய்கிறது என்று ஓடிவந்து சொன்னாலும், "எழுத்து மூலமா வந்திருக்கா?" என்று கேட்பார். மைக்கில் நான் பேச வேண்டிய வாசகத்தை மேலிடத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கி, தட்டச்சடித்து, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். 'அன்பார்ந்த தொழிலாளர்களின் கனிவான கவனத்திற்கு, வானிலை காரணமாகத் தாங்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.' அதை மனப்பாடமாகச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் என் வாசகத்தைச் சேர்ப்பேன். "ஏய், போட்டது போட்டபடி கெடக்கட்டும், ஓடுங்கடி!" அதைக் கேட்டுத்தான் ஓடுவார்கள்.

"அந்தக் கடைசி வரி ஒப்புதல்ல இல்லையே" என்பார் தாமோதரன் சார்.

"ஓடுறதும் ஒப்புதல்ல இல்ல சார். அதுக்காக நிக்கச் சொல்லவா?"

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. சட்டப்படி செய்யக் கூடாதது, ஆனால் செய்தே தீர வேண்டியது ஒன்று வந்துவிட்டால், தன் கனமான மர நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, கிறீச்சென்று சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கும். ராகு காலம், எமகண்டம், சூலம் என்று ஒவ்வொன்றாகப் படிப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் காரியம் முடிந்த பிறகு யாராவது இருமினால் திரும்புவார். ஒரு தடவை திடீர் மழையில், அனுமதி வராத தார்ப்பாய்களை இப்படித்தான் எடுத்துப் போய் உப்புக் குவியல்களை மூடினோம். 'சார் காலண்டர் பாக்குறாரு' என்று ஒருத்தர் சொன்னால் போதும், மற்றவர்களுக்கு விளங்கிவிடும்.

இனி பெட்டி விஷயம். முதலில் வந்த ஜோடி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. உப்புக் காற்று சும்மா இருக்குமா, கடைசிக் கொட்டாய்ப் பெட்டியைத் தின்றுவிட்டது. புதிது வாங்க ஒப்பந்தப் புள்ளி, ஒப்பீட்டுப் பட்டியல் என்று இழுத்தது. அதுவரைக்கும் என்று கோட்டக்குப்பம் யூசுப் பாய் தன்னிடமிருந்த ஒரு பெட்டியைக் கொடுத்தார். யூசுப் பாய் துபாயில் கம்பத்தில் ஏறி ஆன்டெனா கட்டும் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர். எங்கள் ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். அந்தப் பெட்டியும் துபாயில் வாங்கியதே.

மாட்டின நாளிலிருந்து குரல் விட்டு விட்டுக் கேட்டது. நான் அரை மணி பேசினால் அங்கே கால் மணி போய்ச் சேரும். என் குரலுக்கா இந்தக் கதி என்று யூசுப் பாயைப் பிடித்துக்கொண்டேன்.

"பச்சம்மாக்கா, பொட்டிக்கு உள்ள ஒரு கார்டு இருக்குது. அது எவ்ளோ சத்தமாப் பேசணும், எந்த அலைவரிசையில பேசணும்னு சொல்றது ஒரு புரோகிராமு. டிரைவர்னு பேரு. அதுக்குள்ள துபாய்ச் சட்டத்தப் போட்டுப் பூட்டி அனுப்பிச்சிருக்கான்."

"பொட்டி இப்ப மரக்காணத்துல தானே இருக்குது?"

"இருக்குது. அது அதுக்குத் தெரியாது."

"நீ சொல்லு."

"சொன்னா நம்பாதுக்கா. யாரு சொன்னாலும் நம்பாதன்னு சொல்லித்தான் அனுப்பிச்சிருக்கான்."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மாடியில் இருந்த பெட்டி நம் நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. கம்பத்தில் இருந்தது அந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. இரண்டும் பேசிக்கொள்ள வேண்டுமானால் இரண்டு சட்டமும் சரி என்கிற அலைவரிசையில், இரண்டில் எது குறைச்சலோ அந்தச் சத்தத்தில் பேச வேண்டும். பெண் வீட்டுக்குச் செவ்வாய் ஆகாது, மாப்பிள்ளை வீட்டுக்குச் சனி ஆகாது, ஒருவருக்கு வளர்பிறை வேண்டும், இன்னொருவருக்கு ஆடி கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கடைசியில் கல்யாணமே நின்றுபோகுமே, அந்த மாதிரி. கொசுறாக இன்னொன்று. மிஞ்சிய அலைவரிசையில் பேசுவதற்கு முன்னால் அங்கே ஏதாவது ரேடார் இருக்கிறதா என்று பெட்டி காது கொடுத்துக் கேட்குமாம். கேட்டுவிட்டால் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிவிடுமாம். எங்கள் பெட்டியோ எந்த இரைச்சலைக் கேட்டாலும் ரேடார் என்று பயந்தது. அப்படி ஒரு மரியாதைக்காரப் பெட்டி.

தாமோதரன் சார் பெட்டிக் கம்பெனிக்குப் போன் போட்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"சார், உங்க பாதுகாப்புக்காகத்தான் நாடு பூட்டியிருக்கு" என்றது ஒரு பெண் குரல், தேன் மாதிரி.

"நாங்க இருக்கறது மரக்காணம், அம்மா."

"இல்லையே சார், உங்க பெட்டி துபாயிலதான் இருக்குன்னு காட்டுது."

"பெட்டி என் கண் முன்னால இருக்கு."

"அப்போ நீங்களும் துபாயிலதான் இருக்கணும், சார். வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

சார் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். எதிரில் டீக்கடையில் போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

யூசுப் பாய் ஒரு வழி சொன்னார். கம்பெனி போட்ட டிரைவரை எடுத்துவிட்டு, யாரும் திறந்து மாற்றிக்கொள்ளும்படி வெளியில் கிடைக்கிற டிரைவரைப் போடலாம். நாடு எது, சத்தம் எவ்வளவு என்பதையெல்லாம் நாமே சொல்லலாம். "நம்ம பொட்டி, நம்ம இஷ்டம் சார்" என்றார்.

"எழுத்து மூலமா அனுமதி இருக்கா?"

"பொட்டி என்னுது சார். எம் பொட்டிக்கு நானே அனுமதி எழுதித் தரவா?"

"காத்து உன்னுது இல்லையே, யூசுப்" என்றார் சார். அன்று அதைக் கேட்டு நான்தான் உரக்கச் சிரித்தேன். காற்றுக்குமா பட்டா வாங்கப் போகிறார் என்று.

இந்த இழுபறியில் கோடை முற்றியது. ஒருநாள் பிற்பகல் மேற்கே கறுத்தது. எச்சரிக்கை வந்தது. நான் மைக்கைப் பிடித்து, "அன்பார்ந்த தொழிலாளர்களின்..." என்று ஆரம்பித்தேன். பெட்டி அந்தச் சமயம் பார்த்து எதையோ ரேடார் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டது. நான் மீதியைச் சொன்னதும், "ஓடுங்கடி" என்று தொண்டை கிழியக் கத்தியதும் இந்த அறையோடு நின்றன.

எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. தொழிலாளி யாராவது இறந்துபோனால் மைக்கில்தான் சொல்வோம். அதுவும் 'அன்பார்ந்த தொழிலாளர்களே' என்றுதான் தொடங்கும். அதைக் கேட்டதும் அவரவர் நிற்கிற பாத்தியிலேயே, உப்பு வாரும் பலகையைக் கைப்பிடி மேலே இருக்கும்படி நட்டுப் பிடித்து, தலை குனிந்து அசையாமல் நிற்க வேண்டும். கடைசிக் கொட்டாய்ப் பெண்களுக்குக் கேட்டது 'அன்பார்ந்த தொழிலாளர்களின்' என்பது மட்டும். அப்புறம் நிசப்தம். பெயர் காதில் விழவில்லை, பெரிய ஆள்தான் போய்விட்டார் போலிருக்கிறது, சொல்ல முடியாமல் பச்சம்மாக்கா அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அத்தனை பேரும் வரிசையாகப் பலகையை நட்டுக்கொண்டு, நடு வெளியில், இடிக்குக் கீழே, தலை குனிந்து நின்றார்கள். சாகாத ஒருத்தருக்கு மரியாதை செய்துகொண்டு.

இடி வரப்பில் இறங்கியது. அடுத்த பாத்தியில் சாத்தியிருந்த பலகை ஒன்று விறகாகப் பிளந்தது. செல்வியைத் தூக்கி உப்புத் தண்ணீரில் எறிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, என் வாயைப் பார்த்துப் பார்த்து, "யாரும்மா செத்தது? யாரும்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். 'யாரும் சாகலடி' என்று நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. என் குரலை இந்த ஜில்லாவே கேட்கும். பெற்ற பெண்ணுக்குக் கேட்கவில்லை.

மறுநாள் அலுவலகத்துக்குப் போய்த் தாமோதரன் சார் எதிரில் நின்றேன். அவர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கினார். கிறீச்சென்று சத்தம் கேட்டது. "இன்னைக்கு சூலம் எந்தப் பக்கம்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டுக் காலண்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். யூசுப் பாய் லேப்டாப்பை விரித்தார். அன்று சார் படித்த காலண்டர் கொஞ்சநஞ்சமில்லை. பொங்கல் எந்தக் கிழமை என்பது வரைக்கும் போய்விட்டார்.

வாசகத்தையும் மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினார். அது எழுத்து மூலமாகவே நடந்தது. 'ஓடுங்கள், அன்பார்ந்த தொழிலாளர்களே' என்று திருத்தி ஒப்புதல் வந்தது. 'ஓடுங்கடி' என்பதில் 'டி' மட்டும் கண்ணியக் குறைவு என்று எடுத்துவிட்டார்களாம்.

அதற்கப்புறம் எங்கள் ராஜ்ஜியம்தான். டிரைவர் எங்கள் பேச்சைக் கேட்டது. யூசுப் பாய் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினார். ரேடாருக்குக் காது கொடுக்கும் வழக்கத்தை அடியோடு எடுத்துவிட்டார். "இனி யாருக்கும் பயப்படாதுக்கா, கலெக்டர் வந்தாலும் பேசும்" என்றார். என் குரல் கடைசிக் கொட்டாய் தாண்டிப் போனது. அளவு மீறிக் கிடைத்தால் மனுஷர் என்ன செய்வார்களோ அதைத்தான் நாங்களும் செய்தோம். காணாமல்போன ஆட்டுக்கு அறிவிப்பு, காதுகுத்துக்கு அழைப்பு, சங்கத் தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. பக்கத்தில் இறால் பண்ணைக்காரருக்கு எங்கள் சத்தத்தில் அவருடைய கேமரா படம் அறுந்தது. அவரும் யூசுப் பாயைக் கூப்பிட்டுத் தன் பெட்டியைத் திறந்து ஏற்றிக்கொண்டார். அவரால் கடலோர விடுதிக்காரருக்கு அறுந்தது. அவரும் ஏற்றிக்கொண்டார். ஆளுக்கு ஆள் ஏற்ற ஏற்ற, முன்பு கிசுகிசுவென்று பேசிக் கேட்காமலிருந்த நாங்கள் இப்போது கூச்சல் போட்டுக் கேட்காமலிருந்தோம். யூசுப் பாய்க்கு மட்டும் நல்ல வேலை.

ஆனாலும் கடைசிக் கொட்டாய் வரைக்கும் மழைச் செய்தி போனது. பெண்கள் என் குரலை நம்பினார்கள். முன்பெல்லாம் வானத்தைப் பார்த்து ஓடியவர்கள், இப்போது ஸ்பீக்கரைப் பார்த்து ஓடினார்கள்.

அடுத்த வருடம், உப்பு வாரி முடியப் போகிற நேரம். ஒரு சாயங்காலம் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வானிலை அலுவலகத்திலிருந்து எதுவும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கறுக்கிறது. சார் கம்ப்யூட்டரில் வானிலை அலுவலகத்தின் பக்கத்தைப் பார்த்தார். எங்கள் பக்கம் எச்சரிக்கை ஒன்றும் இல்லை. "அவங்க சொல்லாம நாம எப்படிச் சொல்றது" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, கடைசிக் கொட்டாய்ப் பக்கம் வெளிச்சம் பிளந்தது. பம்பு ஓட்டுகிற ஏழுமலை சுவிட்சில் கை வைத்த நேரம். கை முழங்கை வரை வெந்துவிட்டது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்து வந்தது செல்வி.

நனைந்த சேலையோடு அலுவலக வாசலில் நின்றாள். காது நன்றாகக் கேட்கிறது இப்போது.

"வானம் கறுத்துச்சும்மா. நாங்க பாத்தோம். ஓடலாமான்னு ஏழுமல கேட்டான். எங்கம்மா சொல்லலையே, இருடான்னு நான்தான் சொன்னேன்."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

கொஞ்ச நாளில் ஒரு அதிகாரி வந்தாள். அலைவரிசைகளைச் சோதிக்கிற அலுவலகமாம். சின்ன வயது, வெயிலுக்குத் தொப்பி, கையில் வஞ்சிரம் மீனின் நடுமுள் மாதிரி ஒரு ஆன்டெனா. அதை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே வந்தவள், எங்கள் மொட்டைமாடியைப் பார்த்து நின்றாள்.

உள்ளே வந்து லேப்டாப்பில் ஒரு படம் காட்டினாள். மழையைப் பார்க்கிற ரேடார் எடுத்த படம். நடுவில் ரேடார். அங்கிருந்து எங்கள் ஊர்ப் பக்கமாக, விசிறியில் ஒரு மடிப்பை மட்டும் விரித்த மாதிரி ஒரு பட்டை.

"இது என்னாம்மா?" என்று கேட்டேன்.

"உங்க ஊர் மழை. படத்துல உங்களுக்கு மட்டும் தினமும் மழை பெய்யுது."

"அந்த ஒரு நாள விட்டா எங்க ஊருல மூணு மாசமா ஒரு பொட்டுத் தண்ணி இல்ல."

"தெரியும்மா. இது மழை இல்ல, உங்க பெட்டி. அது போடற சத்தம் ரேடார் காதுல விழுது. தினமும் பொய் மழை காட்டுதுன்னு இந்தப் பட்டையில வர்றத அவங்க கணக்குல சேர்க்கறதையே விட்டுட்டாங்க. நெஜ மழை வந்தாலும் இதோட சேர்ந்து போயிடும்."

யூசுப் பாய் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு மெதுவாக விளங்கியது. சட்டம் பூட்டியிருந்தபோது எச்சரிக்கை வந்தது, என் குரல் போகவில்லை. பூட்டைத் திறந்தபோது என் குரல் போனது, எச்சரிக்கை வரவில்லை. வராமல் செய்ததும் என் குரலைச் சுமந்த அதே பெட்டி. எப்படிப் போனாலும் இடி மட்டும் வழி தெரிந்து செல்வியிருக்கும் பாத்திக்கு வந்துவிடுகிறது.

"பெட்டியப் பழையபடி பூட்டிடணும்" என்றாள் அதிகாரி. "கம்பெனி டிரைவர்தான் இருக்கணும். அதுதான் ரூல்."

யூசுப் பாய் நிமிர்ந்தார். "பூட்டுனா அது மறுபடி துபாய்க்குப் போயிடும் மேடம். இந்த அக்கா பொண்ணு மறுபடி செத்தவங்களுக்கு மரியாத செஞ்சுக்கிட்டு இடிக்கு அடியில நிக்கும். தப்பு எம் மேலதான். காதை எடுத்திருக்கக் கூடாது. இப்பவே திரும்ப வெக்கிறேன். நாடு நம்ம நாடு, சத்தம் நம்ம சட்டம் சொன்ன அளவு, ரேடார் வந்தா ஒதுங்கிப் போற மாதிரி. நீங்களே அளந்து பாருங்க. ஆனா தொறந்த டிரைவர்லதான் இத்த செய்ய முடியும்."

"அளந்து சரியா இருந்தாலும் அது செல்லாதுங்க. பூட்டியிருக்கறதுக்குத்தான் சான்றிதழ்."

"அப்ப சட்டப்படி நடக்குற பொட்டி சட்டவிரோதம். துபாய்ல இருக்கறதா நெனச்சுக்கினு உளறுற பொட்டி சட்டப்படி சரி?"

"எழுதியிருக்கறபடி பார்த்தா... ஆமாங்க."

தாமோதரன் சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலையில் சேர்ந்த புதிதில் தன்னைப் பார்த்த மாதிரி இருந்திருக்கும். பிறகு எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கினார். கிறீச். சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அதோடு நிற்காமல், விருந்தாளி நாற்காலியையும் இழுத்துத் தன் பக்கத்தில், சுவரைப் பார்க்கப் போட்டார்.

"மேடம், இந்த மாசம் முகூர்த்த நாள் எதெதுன்னு பாக்கறேன். எழுத்து பொடிசா இருக்கு. கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்தாள். யூசுப் பாய் லேப்டாப்பைத் திறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தாள். நான் வாசலைப் பார்த்தேன். அங்கே செல்வி நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் ஏழுமலைக்கு எடுத்துப்போகிற கஞ்சித் தூக்கு.

அதிகாரி தொப்பியை மேசையில் வைத்தாள். போய் சார் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணீரென்று படிக்கத் தொடங்கினாள். நல்ல படிப்பு. ஒரு முகூர்த்தத்தையும் விடவில்லை.

யூசுப் பாய் இருமியதும் இருவரும் திரும்பினார்கள். அவள் மீன்முள்ளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அளந்துவிட்டு வந்து, "இங்க ஒண்ணும் பிரச்சினை இல்ல, எல்லாம் அளவுக்குள்ள இருக்கு" என்றாள். உண்மைதானே. இறால் பண்ணைக்கும் விடுதிக்கும் போய் அவற்றையும் இறக்க வைத்தாள். படத்தில் அந்தப் பட்டை மறைந்ததைத் தாமோதரன் சார் எனக்குக் காட்டினார். எங்கள் ஊர் மேல் மழை நின்றதைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

அன்றிலிருந்து நான் வேலையை விட்டு இறங்கிய நாள் வரை அந்தப் பெட்டி ஒழுங்காக நடந்தது. ரேடார் என்றால் ஒதுங்கி வேறு பக்கம் போய்ப் பேசும், வாயடைத்து நிற்காது. காற்று நம்முடையது இல்லை என்று சார் சொன்னதை நினைத்து இப்போது நான் சிரிப்பதில்லை. பெட்டி நம்முடையது என்று யூசுப் பாய் சொன்னதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தாமோதரன் சார் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போதைய செயலாளர் சின்ன வயதுப் பிள்ளை, நல்லவர், படித்தவர். அவர்தான் இந்தத் திருகாணி இல்லாத பெட்டிகளை வாங்கினார். எங்கேயோ இருக்கிற கம்பெனியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமாம், நாம் தொடவே வேண்டாமாம். பழைய பெட்டிகள் மாடியிலும் கம்பத்திலும் அப்படியே இருக்கின்றன. கழற்றுவதற்குத் தனி அனுமதி வேண்டும், அது இன்னும் வரவில்லை.

இதைக் குமாரி எழுத ஆரம்பித்த பிறகு, போன வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பக்கங்களை வாசித்துக் காட்டுகிறேன் என்று அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தாள். மேற்கே கறுத்தது. எச்சரிக்கை வந்தது. குமாரி மைக்கைப் போட்டாள். புதுப் பெட்டியில் பச்சை விளக்கு அணைந்து ஆரஞ்சு எரிந்தது.

"என்னா சார் இது?"

"கம்பெனிலேர்ந்து அப்டேட் ஏத்தறாங்க. முடியற வரைக்கும் தொடக் கூடாது" என்றார் செயலாளர்.

"எப்ப முடியும்?"

"அது அவங்களுக்குத்தான் தெரியும்."

செல்வி கடைசிக் கொட்டாய்ப் பக்கம் இருந்தாள். பழைய பெட்டியின் வயர் ஜன்னல் ஓரமாகச் சுருட்டிக் கட்டித் தொங்கியது. குமாரி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், செயலாளரைப் பார்த்தாள்.

"அதுக்கு அனுமதி இல்லீங்களே..." என்று இழுத்தார் பிள்ளை. அவரும் அந்த வயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. கெட்டவர் இல்லை, பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

நான் எழுந்து அவர் பின்னால் போனேன்.

"தம்பி, இன்னைக்கு ராகு காலம் எத்தினி மணிக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா."

நாற்காலியின் முதுகைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். சக்கரம் வைத்த நாற்காலி, சத்தமே போடாமல் திரும்பியது. பின்னால் குமாரி வயரைச் செருகினாள். தூரத்தில் ஸ்பீக்கர் கொரகொரத்து, "ஓடுங்க" என்றது. அவள் 'டி'யும் சேர்த்தாள்.

பிள்ளை காலண்டரைப் படிக்கத் தொடங்கினார்.